வீட்டு மின் சோதனைக்கு எவ்வளவு கேட்பது?

மன்னார்குடி மின்பணியாளர்:
பதினெட்டு ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். 2018 கஜா புயலுக்குப் பிறகு, பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் பலர் "ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் ஆனது. வயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் மெக்கரை வைத்தால் அடுக்களை லைன் 0.2 மெகா ஓம்தான் காட்டியது. குறைந்தது 1 இருக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்குள் கறையான் மண். வயரின் உறை விரல் பட்டதும் பொடிந்தது. பெரியவர் நூறு ரூபாயை நீட்டி, "ஒன்றும் மாற்றவில்லையே தம்பி" என்றார். சோதனைக்கென்று தனிக்கூலி எப்படிக் கேட்பது?

கும்பகோணத்திலிருந்து:
நான் சர்க்கியூட் (தனித்தனி லைன்) கணக்கில் கேட்கிறேன். ஆறு வரை 800 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 100. கிளம்புமுன்பே போனில் சொல்லிவிடுவேன். அளவுகளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தாளை வாங்கியவர் யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை. பிறகு பழுது வேலை கொடுத்தால் சோதனைக் கூலியில் பாதியைக் கழித்துக்கொள்வேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
கழிக்கவே கூடாது. வேலை பிடிக்கத்தான் குறை சொல்கிறோம் என்று நினைப்பார்கள். மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தின் தடையை அளந்த மாதத்தையும் எழுதுங்கள். ஐப்பசி ஈரத்தில் நன்றாகக் காட்டும் எர்த் குழி, சித்திரையில் மண் வெடித்ததும் தடை ஏறிவிடும். பம்ப்செட்டுக்குத் தனிக்கூலி.

மன்னார்குடி மின்பணியாளர்:
நானும் கழிக்கப்போவதில்லை. ஞாயிறன்று அந்த வீட்டுக்கு மறுபடி போகிறேன். முதலில், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அடுக்களை வயரை அன்றே மாற்றிவிடுவேன். பெரியவருடைய பேத்தி அங்கே ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறாள்.