புதுப்பிப்பு: ஜிஆர்இ வாதப் பகுப்பாய்வுக் கட்டுரை

முந்தைய இழையில், வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் இரண்டு கட்டுரைகளுக்கும் (ஒரு கருத்தின் மீது நம் நிலைப்பாட்டை எழுதும் இஷ்யூ, பிறர் வாதத்தின் ஓட்டைகளைக் காட்டும் வாதப் பகுப்பாய்வு) பயிற்சி எடுக்கச் சொல்லியிருந்தேன். திருத்தம்: 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ-யில் வாதப் பகுப்பாய்வு இல்லை, 30 நிமிட இஷ்யூ கட்டுரை மட்டுமே. ஆனாலும் வாதத்தைப் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீங்க. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில், வாதங்களை எடைபோடச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளுக்கு அதுதான் உயிர்.

'வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தபின் எம்.சி. ரோடு துணிக்கடைகளில் விற்பனை கூடியது. எனவே திருவொற்றியூரிலும் கூடும்' என்று ஒரு வாதம் என வைத்துக்கொள்ளுங்க. பலரும் முடிவையே மறுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். சொல்லாமல் விட்ட அனுமானத்தைப் பிடிங்க: கூடியது மெட்ரோவாலா, தீபாவளியாலா? திருவொற்றியூரில் அதுபோலக் கடை வரிசை உண்டா? எந்தத் தகவல் கிடைத்தால் வாதம் வலுக்கும், எது கிடைத்தால் சரியும் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்க. மூன்று அனுமானம் போதும்.