கிராங்க் மாற்றுகிறீர்களா? ஒயில் பம்பைச் சுழற்றுவது எது என்று முதலில் பாருங்கள்

பாலையூற்று:

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1098 சிசி எஞ்சின், 1962இல் இருந்து வந்த வகை. முன்பு யாழ்ப்பாணத்தில் ஓடிய கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடித் தேய்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடினால் பாதிப்பு புகையோடு முடியாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவர் வழியே சம்புக்குள் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அந்த ஒயிலில் சுழன்ற கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) எப்படி இருக்கும்? நடு மெயின் ஜேர்னலில் (கிராங்க் பிளாக்கில் தாங்கிச் சுழலும் வழவழப்பான பகுதி) நகத்தை வைத்து இழுத்தால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. யாரோ முன்பே 40 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) வரை அரைத்திருக்கிறார்கள். இனி அரைக்க இடமில்லை, வேறு கிராங்க்தான்.

கொழும்பில் ஒரு கடையில் கேட்டோம். “1098 கிராங்க் இருக்கு, ஒரே சைஸ்தான்” என்றார்கள். சாக்கில் சுற்றி, கிறீஸ் பூசி, திருகோணமலை பஸ்ஸில் ஏற்றி விட்டார்கள். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் மெயின் ஜேர்னல் 2 அங்குலம். மைனர் பிளாக்கில் அது 1.75 அங்குலம். வந்தது எம்ஜி மிட்ஜெட்டில் பிற்பாடு வந்த 1098இன் கிராங்க். சிசி ஒன்று, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 83.7 மில்லிமீட்டர், அதுவும் ஒன்று. ஆனால் பிளாக்கில் உட்காராது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்தார், பஸ் கூலி மட்டும் என் தலையில்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. கிராங்க் மாற்றும்போது பம்பையும் புதிதாகப் போடுவோம் என்று முடிவு செய்தோம். இந்த எஞ்சினில் பம்ப் சம்புக்குள்ளே இல்லை. பின்பக்கத்தில், பிளைவீலுக்கு உள்ளே பின்தட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கியர்பொக்ஸ், கிளச், பிளைவீல் எல்லாம் கழற்றினால்தான் கை போகும். அதனால் எஞ்சின் பிரித்துக் கிடக்கிற நேரத்திலேயே மாற்றிவிட வேண்டும். அதைச் சுழற்றுவது கேம்ஷாப்ட்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பின்நுனி. அந்த நுனி எல்லா எஞ்சினிலும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் குறுக்கே ஒரு பின் போகும். சிலதில் ஒரு வெட்டு இருக்கும், பம்பின் நாக்கு அதற்குள் நுழையும். 1275இல் நட்சத்திர வடிவத்தில் ஒரு இணைப்பு. ஆக, இந்த எஞ்சினில் எந்த பம்ப் என்று சொல்வது கேம்ஷாப்ட். கிராங்க்குக்கு அதில் பேச்சில்லை. உள்ளே நிற்கிற கேம்ஷாப்ட் காரோடு வந்ததா, இடையில் யாரும் மாற்றினதா என்றும் தெரியாது. கழற்றி நுனியைப் பார்த்த பிறகே பம்ப் வாங்கினோம்.

உங்கள் எஞ்சின்களில் என்ன பட்டீர்கள் என்று சொல்லுங்கள். கார் என்றில்லை, எதுவானாலும்.

கிண்ணியா:

எங்களுக்கு வயலும் மெசி ட்ரக்டரும்தான். 240 மொடல். உள்ளே பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம். மாவிலாற்றுப் பக்கம் இருந்து தம்பலகாமம் வரை இந்த எஞ்சினைத் தெரியாத ஆள் இருக்காது.

சூடேறினால் ஒயில் பிரஷர் இறங்கும். கராஜில் பம்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். காலையில் கேஜ் நல்லாய் நின்றது, பத்து மணி வெயிலில் உழும்போது பழையபடி. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. எங்கள் பக்கத்தில் பிரஷர் குறைந்தால் எல்லாரும் பம்பைத்தான் குற்றம் சொல்லுவார்கள், ஏனென்றால் பம்ப் மாற்றுவது லேசு. பம்ப் அனுப்புவது ஒயிலை. பிரஷர் வருவது அந்த ஒயில் ஓடித் தப்புகிற இடைவெளி சிறிதாக இருந்தால்தான். பெயரிங்குக்கும் (ஜேர்னலைச் சுற்றி இருக்கும் மெல்லிய உலோக ஓடு) ஜேர்னலுக்கும் நடுவே ஒயில் தாராளமாக வழிந்தால் எந்தப் பம்ப் போட்டும் பிரயோசனம் இல்லை. சம்பைத் திறந்து பிக் எண்ட் (பிஸ்டனின் கொன்ரொட் கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) மூடியைக் கழற்றியபோது பெயரிங்கின் மேல்பூச்சுத் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது.

கிராங்க்கை 20 தௌ அரைத்து, அதே 20 தௌ பெயரிங் போட்டோம். பிரஷர் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த போகத்தில் கிராங்க் முறிந்தது. வயலுக்கு நடுவே, சத்தத்தோடு.

முறிந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஜேர்னல் முடிந்து பக்கச் சுவர் தொடங்குகிற மூலையைப் பாருங்கள். கம்பனியில் இருந்து வந்தது என்றால் அந்த மூலை வளைந்து ஏறும். இதில் பெட்டி மூலை போலச் சதுரமாக வெட்டி விட்டிருந்தது. அரைத்தவர் கல்லின் விளிம்பை வளைவாகத் தீட்டவில்லை. வெடிப்பு சரியாக அந்தக் கூரில் தொடங்கி உள்ளே போயிருக்கிறது, பழைய பாதி கறுப்பாகவும் கடைசியில் முறிந்த பாதி வெள்ளையாகவும் இருக்கிறது. அளவு பார்த்தால் ஒரு தௌகூடப் பிழை இல்லை. அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம், இப்போது மூடிவிட்டார்கள்.

இந்த எஞ்சினில் பம்ப் முன் மெயின் பெயரிங் மூடியில் பொருத்தியிருக்கும், கிராங்க்கின் முன் பல்லில் இருந்து நடுவில் ஒரு பல்லுச் சக்கரம் வழியாகச் சுழலும். நடுச் சக்கரத்தின் புஷ் தேய்ந்திருந்தால் புதுப் பம்பின் பல்லும் சேர்ந்து தேயும். அதையும் ஆட்டிப் பாருங்கள்.

உப்புவெளி:

கிண்ணியா நானா, அந்த மூலையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் பொடியன்களுக்குக் காட்ட வேண்டும்.

நான் நிலாவெளிக்கு ஹயர் ஓடுகிறேன், டொயோட்டா டொல்பின் வான். டொல்பினில் 2எல் எஞ்சினும் உண்டு, 3எல்லும் உண்டு. வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி. “3எல் கிராங்க்கை 2எல்லில் போடலாம், இழுவை கூடும்” என்று எனக்கு ஒருவர் மிக நம்பிக்கையோடு சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2எல்லின் ஸ்ட்ரோக் 92, 3எல்லின் ஸ்ட்ரோக் 96. வித்தியாசம் 4 மில்லிமீட்டர், அதில் பாதி மேலே. பிஸ்டன் இருந்த இடத்தை விட 2 மில்லிமீட்டர் மேலே வரும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? பிஸ்டனும் மாற்ற வேண்டும், கொன்ரொட்டும் பார்க்க வேண்டும். அதற்கு முழு 3எல் எஞ்சினே வாங்கலாம். 2446 சிசியை 2779 ஆக்க ஒரு கிராங்க் போதாது, சிலிண்டர் துளையும் 92இல் இருந்து 96 ஆகிறது.

அந்த ஆள் இப்போதும் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உவர்மலை:

கொறொல்லா 110, 5ஏ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 4ஏ, 5ஏ இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 77தான், துளைதான் 81, 78.7 என்று மாறுகிறது. 7ஏ வேறு, அதற்கு 85.5.

இந்த எஞ்சின்களில் பம்ப் முன்பக்கத்தில், கிராங்க்கின் மூக்கிலேயே ஏறி உட்காரும். மூக்கில் எதிரெதிராக இரண்டு தட்டையான முகங்கள் சீவியிருக்கும், பம்பின் உள் றோட்டர் அந்த முகங்களைப் பிடித்துக்கொண்டு சுழலும். பாவித்த கிராங்க் வாங்குகிறவர்கள் ஜேர்னலை மட்டும் அளந்து “ஸ்டாண்டர்ட் (அரைக்காத அளவு), நல்ல கிராங்க்” என்று சந்தோஷப்படுவார்கள். மூக்கை ஒருவரும் பார்ப்பதில்லை. என் சகோதரியின் காருக்கு வந்த கிராங்க்கில் ஜேர்னல் எல்லாம் கண்ணாடி மாதிரி. மூக்கின் தட்டை முகங்களில் மட்டும் ஓரம் மழுங்கி, விரலை வைத்தால் பள்ளம் தெரிந்தது. புது றோட்டரைப் போட்டுக் கையால் ஆட்டினால் டிக் டிக் என்று அசைந்தது. அதை அப்படியே பூட்டினால் ஐட்லிங்கில் தட்டிக்கொண்டே இருக்கும், பிறகு றோட்டர் வெடிக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று, பெயரிங் வாங்க முன் பிளாக்கிலும் கிராங்க்கிலும் பொறித்திருக்கும் எண்களைத் தேடுங்கள். மெயின் ஒவ்வொன்றுக்கும் பிளாக்கில் ஒரு எண், கிராங்க்கில் ஒரு எண். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் பெயரிங்கின் எண். பிளாக்கில் 2, கிராங்க்கில் 1 என்றால் 3ஆம் இலக்கப் பெயரிங். கிராங்க்கை அரைக்காமல் வேறு கிராங்க் போடுகிறபோது இந்தக் கூட்டல் மாறிவிடும், பழைய பெயரிங்கின் எண்ணைச் சொல்லி வாங்கினால் பிழையாகிவிடும். “ஸ்டாண்டர்ட்” என்று கேட்டு வாங்குவதில் எத்தனை வகை ஸ்டாண்டர்ட் இருக்கிறது என்று கடையில் சொல்ல மாட்டார்கள்.

சீனன்குடா:

மீன் லொறி இசுசு எல்ப், 4ஜேபி1 எஞ்சின். துறைமுகத்தில் ஐஸும் மீனும் ஏற்றி ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓடுகிறது. இதில் பம்ப் கேம்ஷாப்ட்டின் பல்லில் இருந்து சுழல்கிறது, மொறிஸ் அண்ணை சொன்ன மாதிரி கிராங்க் இதில் தலையிடாது.

நான் சொல்ல வந்தது வொஷர் வித்தை பற்றி. பழைய பாஸ்மார் (மூத்த மெக்கானிக்குகள்) பிரஷர் குறைந்தால் றிலீப் வால்வின் (பிரஷர் கூடினால் திறந்து ஒயிலை விடும் வால்வு) ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வொஷரைப் போட்டு இறுக்குவார்கள். கேஜ் முள் ஏறும், வண்டிக்காரர் மகிழ்ந்து காசு கொடுப்பார். எங்கள் லொறிக்கும் முந்திய சொந்தக்காரர் அப்படிச் செய்து வைத்திருந்தார். ஏறினது எப்போது? எஞ்சின் வேகமாக ஓடும்போது மட்டும். ஐட்லிங்கில் அந்த வால்வு மூடித்தான் இருக்கும், மூடியிருக்கிற வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கி என்ன பிரயோசனம்? சூட்டில் ஐட்லிங்கில் முள் விழுகிறது என்றால் தேய்மானம் உள்ளே இருக்கிறது. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதோ பிரஷர் அளவு கடந்து போய் பில்டரின் சீலைப் பிதுக்கும். எங்களுக்குப் பிதுக்கியது.

பெரிய பம்ப் போடலாமா என்றும் கேட்பார்கள். பல் நீளமான பம்ப் அதிக ஒயில் தள்ளும், உண்மை. அதைச் சுழற்ற வலுவும் அதிகம் வேண்டும், அந்தச் சுமை கேம்ஷாப்ட் பல்லின் தலையில். இடைவெளி சரியாக இருக்கிற எஞ்சினுக்கு அது தேவை இல்லை, இல்லாத எஞ்சினுக்கு அது மருந்தும் இல்லை.

மூதூர்:

எல்லாரும் அளக்கச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் மைக்ரோமீட்டர் வைத்திருக்கிற ஆளைத் தேடுவதே ஒரு வேலை. லேத்துக்குப் போகாமல் வீட்டில் என்ன பார்க்கலாம்? என்னிடம் இருப்பதும் மொறிஸ் மைனர்தான், 948 எஞ்சின்.

பாலையூற்று:

தம்பி, நல்ல கேள்வி. முதலில் பழைய பெயரிங்கைக் கழற்றி முதுகைப் பாருங்கள். 010, 020 என்று அடித்திருக்கும். கிராங்க்கை எவ்வளவு அரைத்திருக்கிறார்கள் என்று அதுவே சொல்லிவிடும். ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்.

அடுத்தது பிளாஸ்டிகேஜ். மெழுகு நூல் மாதிரி ஒன்று, விலையும் அதிகம் இல்லை. ஜேர்னலில் ஒயிலைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு வைத்து, மூடியைச் சரியான இறுக்கத்தில் பூட்டி, திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கி அகன்றிருக்கும். உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். நடுவில் கிராங்க்கைச் சுழற்றக் கூடாது, நூல் இழுபட்டுப் போகும். ஜேர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய பாஸ்மாரின் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் எஞ்சினில் மெயினுக்கு ஒன்றே முக்கால் தௌ வரும். 3 தௌ, 4 தௌ என்று வந்தால் பம்பை மறந்துவிட்டுக் கிராங்க்கைக் கவனியுங்கள்.

நூல் காட்டாதது ஒன்று உண்டு: ஜேர்னல் ஓவலாகியிருக்கிறதா என்பது. அதற்கு ஒரே ஜேர்னலில் இரண்டு மூன்று இடத்தில் சுற்றி அளக்க வேண்டும், அங்கே மைக்ரோமீட்டர் இல்லாமல் முடியாது. நானா சொன்ன மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கிராங்க்கை அரைத்து எடுத்து வந்தால் பூட்ட முன் அதன் ஒயில் துவாரங்களைச் சுத்தம் செய்யுங்கள். பட்டறையில் கழுவித்தான் தந்தார்கள் என்று விடாதீர்கள். நாங்கள் கம்பியில் துணி சுற்றி மண்ணெண்ணெய் விட்டு இழுத்தபோது கறுப்புக் களி மாதிரி வந்துகொண்டே இருந்தது, அத்தனையும் கல் பொடியும் இரும்புத் தூளும். புதுப் பெயரிங்குக்குள் அது போனால் முதல் நாளே கதை முடிந்தது.

பம்பைப் பூட்டும்போது உள்ளே வாஸ்லின் அடைத்து விடுங்கள். காய்ந்த பம்ப் சம்பில் இருந்து ஒயிலை இழுக்காது. கிறீஸ் அடைக்க வேண்டாம், அது கரையாமல் போய் துவாரத்தில் நிற்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள், கேஜ் முள் எழும்பிய பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

உங்கள் 948இல் கேம்ஷாப்ட் நுனி எந்த வகை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பின்தட்டைக் கழற்றியதும் படம் எடுத்துப் போடுங்கள். அது வரைக்கும் பம்புக்குக் காசு கட்ட வேண்டாம்.

மூதூர்:

சரி அண்ணை. கிளச் வரைக்கும் கழற்றிவிட்டேன். பிளைவீல் போல்ட்டில் ஒன்று தலை மழுங்கி வர மாட்டேன் என்கிறது. கிண்ணியா நானா, உங்களிடம் நீளப் பிடி போட்ட சொக்கெட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கவா?

கிண்ணியா:

வாங்க. மத்தியானத்துக்கு முன் வந்தால் முறிந்த கிராங்க்கையும் பார்த்துவிட்டுப் போகலாம்.