குற்றச் செய்தித் தலைப்பில் மாநிலமும் சாதியும்: எங்கே எழுத வேண்டும், எங்கே கூடாது?

பாளை வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு மாலை நாளிதழின் நெல்லைப் பதிப்பில், ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வந்திருந்த இரண்டு சிறு செய்திகளைப் படித்தேன். மேலே இருந்ததன் தலைப்பு, “கங்கைகொண்டான் அருகே செல்போன் பறிப்பு: வடமாநில வாலிபர் கைது” என்பது. கீழே இருந்தது, “பைக் திருட்டு: 2 பேர் சிக்கினர்” என்பது. கீழே சிக்கிய இருவரும் நம் மாவட்டத்துக்காரர்கள். அவர்களுடைய ஊர்ப்பெயர் நான்காவது வரியில் போகிற போக்கில் வருகிறது. மேலே உள்ள செய்தியிலோ, அந்த இளைஞர் ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று உள்ளே துல்லியமாக எழுதிவிட்டு, தலைப்புக்கு வரும்போது அவரை ‘வடமாநிலத்தவர்’ ஆக்கியிருக்கிறார்கள். பறிபோனது ஒரு செல்போன். பறித்தவர் கஞ்சத்துக்காரராக இருந்தாலும் களக்காட்டுக்காரராக இருந்தாலும் குற்றம் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் நம் ஊர்ச் செய்திகளில் உண்டு. சாதிதான் காரணம் என்று ஊருக்கே தெரிந்த ஒரு கொலையை எழுதும்போது, ‘இரு தரப்பினரிடையே மோதல்’, ‘முன்விரோதம்’, ‘வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முழுச் செய்தியையும் படித்த பிறகும் எதற்காக அந்தக் கொலை நடந்தது என்று வெளியூர் வாசகருக்குப் புரியாது. இதற்கென்று நெறிமுறை ஏதும் இருக்கிறதா, அல்லது அவரவர் வழக்கம்தானா? செய்தித்துறையில் இருந்தவர்களும் சட்டம் அறிந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முன்னாள் நிருபர், வண்ணார்பேட்டை

ஐயா, அலுவலகத்துக்குள் இது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சிறு குற்றச் செய்திகளில் பெரும்பாலானவை நிருபர் நேரில் போய்ச் சேகரித்தவை அல்ல. காவல்துறையின் செய்திக்குறிப்பு இப்போதெல்லாம் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. கைதானவரின் பெயர், வயது, தந்தை பெயர், ஊர் எல்லாம் அதிலேயே இருக்கும். நிருபர் அதைச் சற்றுத் திருத்தி அனுப்புவார். தலைப்பு வைப்பவர் டெஸ்க்கில் இருக்கும் துணை ஆசிரியர். ஒற்றைப் பத்தி அகலத்தில் மூன்று வரிதான் அவருக்கு இடம். கஞ்சம் என்றால் வாசகருக்குத் தெரியாது, ‘வடமாநிலம்’ என்றால் தெரியும் என்று அவர் நினைப்பதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

சாதிப் பெயரைத் தவிர்ப்பதற்கு நம் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. 1995 ஆகஸ்டு 31 அன்று பட்டியல் சாதியினர் வாழும் கொடியங்குளம் கிராமத்தில் நடந்த காவல்துறை நடவடிக்கையையும், அதை ஒட்டிய ஆண்டுகளில் தென் மாவட்டங்களில் நடந்த கலவரங்களையும் பார்த்தவர்களுக்கு, ஒரு பெயர் எவ்வளவு தூரம் பற்றிக்கொள்ளும் என்பது தெரியும். போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வைத்த பெயரை முன்னிட்டு மோதல் மூண்டதால், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை 1997-இல் அரசே நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்போதுதான். டீக்கடை முன் தொங்கும் போஸ்டரில் ஒரு சாதியின் பெயர் வந்தால் இரவுக்குள் பேருந்துக் கண்ணாடி உடையும் என்ற அச்சத்தில் உருவான வழக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், வெளிமாநிலத் தொழிலாளியைப் பற்றி எழுதும்போது அந்த அச்சம் எவருக்கும் இல்லை. அவருக்காக ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து ஏன் என்று கேட்க ஒரு சங்கம் கிடையாது. சாலையில் உட்கார ஆள் கிடையாது. அவர் தமிழ் நாளிதழ் படிப்பதும் அரிது. யாருடைய அடையாளம் தலைப்பில் ஏறும் என்பதை, குற்றத்துக்கும் அந்த அடையாளத்துக்கும் உள்ள தொடர்பு முடிவு செய்வதாக நான் கண்டதில்லை. யார் திருப்பிக் கேட்பார்கள் என்ற கணக்கே முடிவு செய்கிறது.

வழக்கறிஞர், திருநெல்வேலி

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகள், ஒருவரின் சாதியைக் குறிப்பிடுவதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றும், அந்தச் சாதிக்கே ஓர் இழிவான நடத்தையைச் சுமத்தும் சூழலில் அதைக் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ‘பொதுவாக’ என்று சொல்லியிருப்பதால், எந்த நிலையிலும் எழுதவே கூடாது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, குற்றம் செய்தவர் அவ்வாறு இல்லாதபோதுதான் அந்தச் சட்டமே பொருந்தும். அத்தகைய வழக்கில் சாதியை எழுதாமல் விடுவது, எந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது என்பதையே எழுதாமல் விடுவதற்குச் சமம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை ‘மாணவர்களிடையே தகராறு’ என்று மட்டும் படித்த ஒருவருக்கு, அதன் பிறகு அரசு ஏன் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது, 2024-இல் வந்த அதன் அறிக்கை ஏன் சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றிப் பேசியது என்பவை விளங்கவே விளங்காது.

அதே நிகழ்வில் இன்னொரு வரம்பும் இருந்தது. தாக்கியவர்கள் சிறார்கள் என்பதால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அவர்களை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிட முடியாது. குற்றத்தின் காரணத்தை எழுதுவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவரின் பிறப்பை எழுதுவது வேறு. கங்கைகொண்டான் செய்தியில் முதலாவது இல்லை. இரண்டாவது மட்டும் தலைப்பில் இருக்கிறது.

வள்ளியூர்க்காரி (இப்போது லிவர்பூலில் செவிலியர்)

வழக்கறிஞர் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும், மறைப்பதால் வரும் கேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே எங்களுக்கு அருகில் உள்ள சவுத்போர்ட்டில் 2024 ஜூலை 29 அன்று மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கைதானவரைப் பற்றி அதிகாரப்பூர்வமான தகவல் ஏதும் இல்லாத இடைவெளியில், அவர் அடைக்கலம் தேடி வந்த அயல்நாட்டவர் என்று ஒரு பொய் பரவி, மசூதியும் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. அவர் உண்மையில் கார்டிஃபில் பிறந்தவர். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2025 மே மாதம் லிவர்பூல் கால்பந்து ஊர்வலத்துக்குள் கார் புகுந்தபோது, கைதானவர் வெள்ளையரான பிரிட்டன்காரர் என்று காவல்துறை சில மணி நேரத்திலேயே அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பரபரப்பான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் நாட்டுரிமையையும் இனத்தையும் வெளியிடுவது பற்றிப் பரிசீலிக்குமாறு காவல்துறைக்கு வழிகாட்டுதலும் வந்தது. இந்நாட்டுப் பத்திரிகை நெறிகள் இனம், நிறம், மதம் ஆகியவற்றைத் தேவையின்றிக் குறிப்பிடக் கூடாது என்கின்றன. அந்தப் பட்டியலில் நாட்டுரிமை இல்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நாளிதழ் ஒன்று 2016-இல் வேறு வழி கண்டது: ஜெர்மானியர் உட்பட, குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவரின் நாட்டையும் எழுதுவது என்று முடிவெடுத்தது. எழுதினால் எல்லாருக்கும் எழுதுங்கள் என்பதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

செங்கோட்டை வாசகர்

அக்காவுக்கு ஒரு மாற்றுக் கருத்து. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய காணொளிகள், வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளை எடுத்து மாநிலப் பெயரை ஒட்டியவை. தொழிலாளர்கள் அஞ்சி ரயில் ஏறினார்கள். பிகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பியது. அங்கே வதந்திக்கு வழிவிட்டது மௌனம் அல்ல, ஒட்டப்பட்ட அந்தப் பெயர்தான்.

எல்லை தாண்டினால் நாமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறோம். 2024 நவம்பரில் ஆலப்புழைத் திருட்டுகளை எழுதிய மலையாள ஊடகங்கள் நாள்தோறும் ‘குறுவா சங்கம்’ என்று ஒரு சமூகத்தின் பெயரையே தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கும்பலுக்குச் சூட்டின. அந்த வாரங்களில் புனலூர்ப் பக்கம் பாத்திரம் விற்கப் போன எங்கள் ஊர்க்காரர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஆதார் அட்டை கேட்டார்கள். தாராவியில் சொந்தக்காரர் உள்ள நெல்லைக் குடும்பங்களுக்கு, 1960-களின் பிற்பகுதியில் ‘மதராசி’ என்ற பெயர் மும்பையில் என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாளை வாசகர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கங்கைகொண்டான் பகுதியில் வீடு வாடகைக்கு விடும் என் நண்பர், சிறைகளில் வெளிமாநிலத்தவர் இருக்கிறார்கள் என்று அரசின் புள்ளிவிவரமே சொல்லும்போது தலைப்பில் எழுதினால் என்ன என்று கேட்கிறார். மேலும், இத்தகைய தலைப்பைப் பற்றி முறையிட வழி உண்டா?

வழக்கறிஞர், திருநெல்வேலி

சிறைப் புள்ளிவிவரத்தில் மாநிலவாரிக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால், சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். உள்ளூரில் சொத்துள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றால், களக்காட்டுக்காரர் ஒரே வாரத்தில் வெளியே வருவார். கஞ்சத்துக்காரர் அதே குற்றச்சாட்டில் மாதக்கணக்கில் உள்ளே இருப்பார். 1978-இல் மோத்தி ராம் வழக்கில், வேறு மாவட்டத்துப் பிணையாளரை ஏற்க மறுத்ததைக் கண்டித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தாரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் பிணைக்கு எங்கே போவார் என்றுதான் கேட்டார். அந்தக் கணக்கைக் காட்டித் தலைப்பை நியாயப்படுத்துவது சரியாகாது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

முறையீட்டைப் பொறுத்தவரை, முதலில் ஆசிரியருக்கு எழுத்து மூலம் ஆட்சேபத்தை அனுப்ப வேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால், நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள், வெளியான பக்கத்தின் நகலையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் இணைத்துப் பத்திரிகை மன்றத்துக்கு அனுப்பலாம். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தொலைக்காட்சிச் செய்தி அதன் வரம்புக்குள் வராது. நீங்கள் சொன்ன செய்திக்கு இன்னும் காலக்கெடு இருக்கும். இரண்டு தலைப்புகளும் ஒன்றாகத் தெரியும்படி அந்தப் பக்கத்தை முழுதாக நகல் எடுத்து வையுங்கள், கடித வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.