அம்மா தங்கும் அறையை ஹோம் ஆபீஸ் என்று காட்டலாமா?

புதுக்கணக்கு:
அமெரிக்காவில் சம்பள வேலையை விட்டு, 2025 தொடக்கத்திலிருந்து 1099 கான்ட்ராக்டராக (வரிப் பிடித்தம் இல்லாமல் பணம் வாங்கும் சுயதொழிலராக) சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். வாடகை வீட்டில் 150 சதுர அடி அறையில்தான் வேலை. ஆனால் அம்மா வந்தால் அங்கேதான் படுப்பார். இந்த அறையை, சுயதொழில் லாப நட்டம் காட்டும் வரிப் படிவமான ஷெட்யூல் சி-யில் செலவாகக் கழிக்கலாமா?

நிலாமுற்றம்:
கட்டாயம் எடுங்கள். எளிய முறையில் சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 750 டாலர் கழிவு. நிகர லாபமே குறைவதால் வருமான வரியோடு 15.3% சுயதொழில் வரியும் குறையும். லாபத்தின் 92.35%-க்கே சுயதொழில் வரி என்பதால், அதில் மட்டும் சுமார் 106 டாலர் மிச்சம். சம்பளக்காரர்களுக்கு 2018-லிருந்து இந்தக் கழிவே கிடையாது. நமக்கு இருப்பதை ஏன் விட வேண்டும்?

கரையோரம்:
எனக்கு உடன்பாடில்லை. அந்த இடத்தைத் தொழிலுக்கு மட்டுமே, தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அம்மா படுக்கும் அறை அதில் எப்படிச் சேரும்? தணிக்கை வந்தால் வரியோடு வட்டியும் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

நிலாமுற்றம்:
எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் எடுக்கிறார்கள். ஒருவருக்கும் தணிக்கை வந்ததில்லை.

கரையோரம்:
வரவில்லை என்பதற்காக அது சரியாகிவிடுமா? படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர், நீங்களோ நானோ இல்லை.

நிலாமுற்றம்:
சரி, முழு அறை வேண்டாம். தடுப்புச் சுவர் வேண்டும் என்று விதியில் இல்லை. மேஜையும் அலமாரியும் இருக்கும் மூலையை அளந்து, 80 சதுர அடி என்றால் 80 என்று காட்டட்டும்.

கரையோரம்:
அது செல்லும். ஆனால் அம்மாவின் பெட்டியைக்கூட அந்த மூலையில் வைக்கக் கூடாது. அளவையும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். 400 டாலர் கழிவுக்கு இவ்வளவு பாடு தேவையா என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

புதுக்கணக்கு:
வாரம் ஒரு நாள் 20 மைல் தள்ளியிருக்கும் வாடிக்கையாளர் அலுவலகத்துக்குக் காரில் போய் வருகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிலாமுற்றம்:
நிறைய உண்டு! அந்த மூலை உங்கள் முதன்மைத் தொழிலிடம் என்று ஆகிவிட்டால், அங்கிருந்து போய்வரும் 40 மைலும் தொழில் பயணம். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். ஒரு நாளைக்கு 28 டாலர், 50 வாரத்துக்கு 1,400. வீட்டில் தொழிலிடம் இல்லையென்றால் அது வழக்கமாக வேலைக்குப் போய்வருவதாகவே பார்க்கப்படலாம். அப்போது ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது.

கரையோரம்:
மைல் கணக்கை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பாடு படலாம். தேதி, இடம், காரணம், மைல் நான்கையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய ஏட்டை நம்பாதீர்கள். அப்புறம், பிடித்தம் இல்லாதவர்கள் ஆண்டுக்கு நான்கு தவணையாக முன்கூட்டிக் கட்டும் காலாண்டு வரியைக் கட்டினீர்களா?

புதுக்கணக்கு:
இல்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்தே பழகிவிட்டது.

கரையோரம்:
அப்படியானால் மூலையை அளப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். 2025-க்கான கடைசித் தவணை 2026 ஜனவரி 15. தவறிய தவணைகளுக்கு இதுவரை சேர்ந்த அபராதம் போகாது, ஆனால் கட்டிய தொகைக்கு அது மேலும் ஏறுவது நிற்கும்.

நிலாமுற்றம்:
இதில் நானும் உங்கள் பக்கம்தான். இன்றே கட்டுங்கள்.