புது வருடத் தீர்மானத்துக்கு எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

சேலத்து மக்களுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். போன வருட டைரியின் முதல் பக்கத்தில் 11 தீர்மானங்கள் எழுதியிருந்தேன். ஜனவரி 19 வரை டிக் இருக்கிறது. அப்புறம் அதே பக்கத்தில் பால் கணக்கு.

போன வாரம் ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளையும் எண்ணிக்கொண்டே போனேன். டிரைவர் அடுத்த வளைவை மட்டும்தான் பார்த்தார். சரி, நானும் இந்த முறை இரண்டோடு நிறுத்தப் போகிறேன். காலையில் போனைத் தொடாமல் மூக்கனேரிக் கரையில் அரை மணி நேரம் நடப்பது, ராத்திரி டிவி இல்லாமல் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது. (தட்டுவடை செட்டை விடச் சொல்லாதீர்கள், அது நடக்காது.)

சிக்கல் என்னவென்றால், 'மாதம் இரண்டு கிலோ எடை குறைப்பேன்' என்று எண் வைத்தால் நாலு நாள் தவறியதும் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறேன். எண்ணே இல்லாவிட்டால் சோம்பல். நடுவில் விட்டுப்போனதை நீங்கள் எப்படித் திரும்பப் பிடித்தீர்கள்? கன்னங்குறிச்சிப் பக்கம் காலை ஆறு மணிக்கு நடப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். தனியாகப் போனால் பாதியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன்.