1.414 தெரிஞ்சா போதுமா? பைப் வெல்டிங் படிப்பும் கணக்குப் பாடமும் (புனைபெயர்களில் எழுதுவோரின் விவாதம்)

அளவுகோல்: சமுதாயக் கல்லூரிப் படிப்புகளைப் பத்தி நேத்து தீப்பொறி எழுதினதைப் படிச்சதிலிருந்து எரிச்சல் அடங்கல. "பைப் வெல்டிங் படிக்கிறவனுக்குக் கணக்குப் பாடம், மொழிப் பாடம் எல்லாம் வெட்டி வேலை. 45 டிகிரி ஆஃப்செட்டா, 1.414-ஆல பெருக்கு, வெட்டு, ஒட்டு, முடிஞ்சுது"ன்னு எழுதியிருக்கார். ஆஃப்செட்னா ரெண்டு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு பைப் லைனை இணையா நகர்த்தறது; எவ்வளவு நகருதோ அது செட்.

இதை நம்பி ஒருத்தன் பைப்பை வெட்டினா என்ன ஆகும்? 6 இன்ச் பைப், செட் 500 மில்லிமீட்டர். பெருக்கினா 707. அது ஒரு எல்போ நடுவிலிருந்து இன்னொரு எல்போ நடு வரைக்கும் உள்ள தூரம். வெட்ட வேண்டிய நீளமே அது இல்ல. லாங் ரேடியஸ் (பெரிய வளைவு ஆரம் உள்ள) 45 எல்போவுக்கு டேக்-ஆஃப், அதாவது எல்போ நடுவிலிருந்து அதோட முனை வரைக்கும் உள்ள தூரம், 95. ரெண்டு பக்கமும் கழிச்சா 517. ரூட் கேப் (வெல்டுக்காக ரெண்டு முனைக்கும் நடுவுல விடற இடைவெளி) 3 வீதம் ரெண்டுக்கு 6 போனா 511. 707-ன்னு வெட்டினவன் 196 மில்லிமீட்டர் பைப்பைத் தூக்கிக் குப்பையில போடணும்.

தீப்பொறி: டேக்-ஆஃப் கழிக்கணும்னு எந்த ஃபிட்டருக்குத் தெரியாது? அட்டவணையில 95-ன்னு அச்சடிச்சே இருக்கு. பார்த்துக் கழிக்க ஒரு பருவம் முழுக்க இயற்கணிதம் படிக்கணுமா? அந்த நேரத்தைப் பூத்துல (வெல்டிங் பழகற தடுப்பறை) செலவழிச்சா 6ஜி நிலையில (45 டிகிரி சாய்வா, நகராம நிக்கற பைப்பைச் சுத்தி வெல்டு அடிக்கறது) கை படியும். கூப்பனை (வெல்டு அடிச்ச சோதனைத் துண்டு) வளைச்சுப் பார்க்கிற சோதனையில கை தேறணும், சூத்திரம் தேற வேண்டாம். 1.414 போதும்.

அளவுகோல்: இப்போ "கழிக்கணும்னு தெரியும்"ங்கறீங்க. நேத்து எழுதினதுல கழித்தலே இல்லையே! சரி, அட்டவணைக்கே வர்றேன். அதுல 90-உம் 45-உம் இருக்கும். 45 எல்போவை 30-க்கு வெட்டிப் போடச் சொன்னா எந்த வரியைப் பார்ப்பீங்க? வளைவு ஆரம் 229, பாதிக் கோணம் 15, அதோட டேன் (tan) 0.268. பெருக்கினா டேக்-ஆஃப் 61. பெருக்கு எண்ணும் 1.414 இல்ல, 2. பாதிக் கோணம்னா என்னன்னே தெரியாதவன் 95-ஐயே கழிப்பான். ஒரு முனைக்கு 34 மில்லிமீட்டர் குறையும். அந்த இடைவெளியை எந்த வெல்டரும் அடைக்க முடியாது.

பெவல்: கணக்கு இருக்கட்டும். ரூட் கேப்புக்கு 6 முழுசா கழிச்சது தப்பு. வெல்டு ஆறும்போது ஜாயின்ட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இழுக்கும். ரெண்டுக்கும் சேர்த்து 3. 511-ன்னு வெட்டினா லைன் முடியும்போது 3 குட்டை. 514 வெட்டணும்.

அளவுகோல்: இழுக்கிற அளவு பைப்போட சுவர்த் தடிமனையும் பாஸ் (ஒரு தடவை ஓட்டற வெல்டு அடுக்கு) எண்ணிக்கையையும் பொறுத்தது. எல்லா பைப்புக்கும் ஒன்றரைன்னு அடிச்சுச் சொல்லாதீங்க.

பெவல்: "சுமார்"னுதான் எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் பேசுங்க.

நெடுவழி: எல்லாரும் கணக்குப் பாடம்னு எதைச் சொல்றீங்க? தொழிற்கணக்கு வேற, கல்லூரி இயற்கணிதம் வேற. முதலாவது சான்றிதழோட நின்னுடும். பின்னாடி நாலு வருஷப் பட்டத்துக்கு மாறப் போறவனுக்குப் பெரும்பாலும் ரெண்டாவதுதான் செல்லும். இதைப் பிரிக்காம பேசினா எப்படி?

தீப்பொறி: பட்டம் வேணும்கிறவன் பட்டம் படிக்கட்டும். கேள்வி 1.414 போதுமா இல்லையாங்கறதுதான். 30 டிகிரி எல்போ எத்தனை தடவை வருது? எப்பவோ ஒரு தடவை வர்றதுக்கு எல்லாரையும் வகுப்புல உட்கார வைக்கறது அநியாயம். பட்டறை ஆசிரியரே அரை மணி நேரத்துல சொல்லிக் கொடுத்துடுவார்.

அளவுகோல்: 30-ஐ விடுங்க, ரோலிங் ஆஃப்செட் தினமும் வரும். பைப் 300 மேல ஏறணும், 400 பக்கவாட்டுல போகணும். 1.414-ஐ எதோட பெருக்குவீங்க? 300-ன்னா 424, 400-ன்னா 566. ரெண்டுமே தப்பு. 300-இன் வர்க்கத்தையும் 400-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 500 வரும். அதைத்தான் பெருக்கணும். டிராவல் (எல்போ நடுவிலிருந்து நடு வரைக்கும் உள்ள தூரம்) 707. டேக்-ஆஃப் அதுக்கப்புறம்.

தீப்பொறி: கால்குலேட்டர்ல வர்க்கமூல பொத்தான் இருக்கு.

அளவுகோல்: எதைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தணும்னு யார் சொல்வா? போன மாசம் இன்டர்பாஸ் வெப்பநிலை (ஒரு பாஸ் முடிஞ்சு அடுத்தது தொடங்கும்போது இருக்கற சூடு) விவாதத்துலயும் இதே மாதிரிதான் நழுவினீங்க. அங்கே வெப்ப உள்ளீட்டுக் கணக்கையும் தேவையில்லைன்னீங்க. 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிஷத்துக்கு 120 மில்லிமீட்டர் வேகம்னா ஒரு மில்லிமீட்டருக்கு 1.44 கிலோஜூல். கையை மெதுவாக்கி 80-க்கு இறக்கினா 2.16. கருவியில ஒரு திருகையும் தொடாமலே வேலைக்குக் குறிச்ச வரம்பைத் தாண்டிடலாம். பூத்துல எத்தனை நாள் உட்கார்ந்தாலும் இந்த எண் கண்ணுக்குத் தெரியாது.

தீப்பொறி: அந்த விவாதத்தை இங்கே இழுக்காதீங்க. அங்கே நான் சொன்னது ப்ரீஹீட் (வெல்டுக்கு முன்னாடி சூடாக்கறது) பத்தி.

கரும்பலகை: மொழிப் பாடத்தை யாரும் தொடவே இல்லை. வெல்டிங் நடைமுறைத் தாளை (வெல்டு எப்படி அடிக்கணும்னு எழுதியிருக்கிற தாள்) படிக்கத் தெரியாதவன் 7018 ராடை (ஈரம் படக்கூடாத ஒரு வெல்டிங் குச்சி) அடுப்பிலிருந்து எடுத்து நாள் பூரா வெளியே வச்சிருப்பான். சாதாரண 7018-க்கு 4 மணி நேரம்தான் வரம்பு. ஈரம் ஏறினா ஹைட்ரஜன் விரிசல். குறை அறிக்கையும் அப்படித்தான். "வெல்டு சரியில்லை"ன்னு எழுதினா எவனுக்கும் உபயோகம் இல்ல. ஜாயின்ட் எண், கடிகார நிலை (பைப் வட்டத்தைக் கடிகார முகமா வச்சு இடம் சொல்றது), குறையோட வகை, நீளம் நாலும் வேணும். "3 மணி நிலையில் 12 மில்லிமீட்டர் போரோசிட்டி (வெல்டுக்குள்ள வாயுக் குழி)"ன்னு எழுதினாத்தான் எந்த இடத்தைக் கிரைண்ட் பண்ணித் திரும்ப அடிக்கணும்னு புரியும்.

தீப்பொறி: அதுக்குக் கட்டுரை எழுதும் வகுப்பு எதுக்கு? படிவம் இருக்கு, கட்டத்தை நிரப்பினா போதும்.

அளவுகோல்: அட்டவணை இருக்கு, பொத்தான் இருக்கு, படிவம் இருக்கு. எல்லாத்தையும் வேற எவனோ யோசிச்சு வச்சிருக்கணும், நம்ம பையன் மட்டும் யோசிக்கக் கூடாது. தொழில் படிக்கிறவனை இவ்வளவு கீழா நினைக்கறதுதான் எனக்குக் கோபம். ஒரே கேள்வி, நேரா பதில் சொல்லுங்க: 707-இலிருந்து டேக்-ஆஃப் கழிக்கணும்னு நேத்து ஏன் எழுதல?

தீப்பொறி: கழிக்கணும்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சது, அதனால எழுதல. 45 டிகிரிக்கு 1.414 சரியா தப்பா? அதை முதல்ல சொல்லுங்க.

அளவுகோல்: டேக்-ஆஃப்?

பெவல்: அந்த 511-ஐ இன்னும் திருத்தலையே. 514.