பொருள்: மறுமொழி: ‘கிரீமிங்’ – சர்க்கரைக் குக்கீக்கு ஒரு வினைச்சொல் வேண்டும்

தம்பிக்கும் குழுவினர்க்கும் வணக்கம்.

மூன்று நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெருப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் குக்கீ சுடக் கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு பக்கக் குறிப்பைத் தம்பி இந்த வாரம் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். வெண்ணெயோடு சர்க்கரையைச் சேர்த்து, காற்று உள்ளே போகும்படி தேய்ப்பதை ஆங்கிலக் குறிப்புகளில் ‘கிரீமிங்’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. அதனால் வரிசையாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

> குக்கீ என்ற சொல்லையே முதலில் தமிழாக்க வேண்டாமா?

வேண்டாம். உலாவியில் இருக்கும் குக்கீயை ‘நினைவி’ ஆக்கினார்கள், அங்கே பொருந்தியது. தின்கிற குக்கீ கடைக்கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெயரோடுதான் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்கட்டை ஏற்றுக்கொண்ட நாக்கு இதையும் ஏற்கும். மதுரைப் பக்கத்து நண்பர்கள் சீனிக் குக்கீ என்று எழுதிக்கொள்ளட்டும், புதுச்சேரியில் சர்க்கரைக் குக்கீதான். (அமெரிக்காவில் இதற்குச் சொந்த ஊராகச் சொல்லப்படுவது பென்சில்வேனியாவில் உள்ள நாசரேத். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லை, யாரும் பஸ் ஏறிவிட வேண்டாம்.)

> வெண்ணெயையும் சர்க்கரையையும் ‘கடைதல்’ என்று சொல்லிவிடலாமே.

முடியாது. கடைந்தால்தான் வெண்ணெயே வரும். மத்து சுழலச் சுழல மோரிலிருந்து கொழுப்பு ஒன்றுசேர்ந்து பிரிந்து மேலே வருகிறது. நாம் பேசுவது அதற்கு அடுத்த வேலை: திரண்ட கொழுப்புக்குள் காற்றை அடைப்பது. கீரை கடைதலும் உதவாது, அது மசிப்பது.

> ‘காற்றேற்றம்’ என்பதே அறிவியல்படி சரியான சொல்.

ஐயா, நீங்கள் சொன்ன இயற்பியலில் பிழையே இல்லை. சர்க்கரைப் பரலின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்போது கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அடுப்பில் சோடா உப்பு விடும் வாயு புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கிற குமிழிக்குள் புகுந்து அதைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே குக்கீ மெத்தென்று வருவதற்கான விதை கிண்ணத்திலேயே விழுந்துவிடுகிறது. இதெல்லாம் சரி. ஆனால் பத்து வயதுப் பிள்ளை கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் காற்று தெரியுமா? எப்போது நிறுத்துவது என்று ‘காற்றேற்றம்’ சொல்லாது. அதோடு அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு சைக்கிள் கடைதான் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.

நம் அடுக்களை எப்படிப் பேசுகிறது என்று கவனியுங்கள். பருப்பைக் குழைய வேகவை. மிளகாயை நைய அரை. ரவையை வாசம் வர வறு. கடுகு வெடிக்கத் தாளி. செய்கைக்கு முன்னால் ‘குழைய’, ‘நைய’ என்று ஒரு வினையெச்சம் நிற்கிறது. கண்ணோ மூக்கோ காதோ எதைக் கண்டதும் கை நிற்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. நிமிடக் கணக்கு தேவையில்லை. கலைச்சொல் என்றதும் நாம் ஏன் பெயர்ச்சொல்லைத் தேடி ஓடுகிறோம் என்றே எனக்குப் புரிவதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை நெய் பிஸ்கட் போடும்போது மிக்சியைத் தொடமாட்டார். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் வைத்து, ஒரு காலால் விளிம்பை அணைத்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் வெண்ணெயையும் சர்க்கரையையும் முன்னும் பின்னும் தேய்ப்பார். முதலில் நறநறவென்று மணல் சத்தம் வரும், அப்புறம் சத்தம் அடங்கும். தாம்பாளத்தில் வெள்ளைக் கோடுகள் விழும். பொட்டலத்து அமுல் வெண்ணெயின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். “மஞ்ச போற வரைக்கும் தேய்” என்பார், வேறு அளவே கிடையாது. பிரெஞ்சுச் சமையலில் முட்டை மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் அடிப்பதற்கு ‘பிளான்ஷீர்’ என்கிறார்கள், வெளுக்கச் செய்தல் என்று பொருள். அத்தைக்கு பிரெஞ்சு தெரியாது. அவரும் அந்தச் சமையற்காரர்களும் பார்த்தது ஒரே அடையாளத்தை.

ஆகவே என் முன்மொழிவு: வெளுக்கத் தேய்த்தல்.

அதற்கு முந்தைய நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். இளகி, ஆனால் உருகாமல் இருக்கும் வெண்ணெயை பிரெஞ்சில் ‘பொம்மாத்’ வெண்ணெய் என்பார்கள். பூசும் களிம்பு போல இருப்பதால் அந்தப் பெயர். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகுக்கே அத்தனை பதம் வைத்திருக்கும் நாம் இதைக் களிம்புப் பதம் என்று சொன்னால் என்ன? இந்தச் சொல் குறிப்பில் இருந்தே ஆக வேண்டும். ‘அறை வெப்பத்தில் வெண்ணெய்’ என்று மேல்நாட்டுக் குறிப்பில் இருந்தால் அவர்கள் நினைப்பது ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி. நம் ஊரில் மார்கழிப் பகலிலும் 28, 29 போகிறது. வெண்ணெயை மேடையில் வைத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போய் வந்தால் எண்ணெய் மினுமினுக்கும், அதில் காற்று தங்காது. போன வருடம் எனக்கு நடந்தது அதுதான். நட்சத்திரமாக வெட்டி வைத்தவை தட்டு முழுக்கப் பரவி ஒரே அடையாகிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

– முத்தியால்பேட்டையிலிருந்து

---

அக்கா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன்.

எச்சம் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் ஓட்டு உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் எருமைப்பால் வெண்ணெய். அது ஏற்கெனவே வெள்ளை. நான் எதை வெளுக்க?

இன்னொன்று. ‘களிம்பு’ என்றதும் என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சைவ சித்தாந்தத்தில் செம்பில் பிடித்த களிம்புதான், உயிரைப் பிடித்த அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமையாம். அதைக் கிறிஸ்துமஸ் குக்கீயில் தடவுகிறீர்களே என்கிறார். அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

---

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். களிம்புக்கு இரண்டு பொருளும் உண்டு. மருந்துக்கடையில் களிம்பு கேட்டால் யாரும் செம்புப் பச்சையை எடுத்துக் கொடுப்பதில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எருமை வெண்ணெயில் மட்டும் நன்றாக மாட்டிக்கொண்டேன். உங்கள் மடலைப் படித்ததும் கால் கிலோ வாங்கி வந்து தேய்த்துப் பார்த்தேன். நிறம் மாறவே இல்லை. மாறியது அளவு: அடியில் ஒட்டிக் கிடந்தது கிண்ணத்தின் பாதிக்கு வந்தது, கரண்டியில் எடுத்தால் கனம் இல்லை. உளுந்து மாவைப் போல ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட எண்ணினேன், நல்லவேளை வெண்ணெய் எப்படியும் மிதக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் உளுந்து என்றதும் சொல் கிடைத்துவிட்டது. அம்மா கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன சொல்வார்? “பொங்கப் பொங்க ஆட்டு.” அங்கேயும் காற்றுதான் உள்ளே போகிறது, மாவு எழும்புகிறது. ஆகவே பொங்கத் தேய்த்தல். மஞ்சள் வெண்ணெய்க்கும் எருமை வெண்ணெய்க்கும் செல்லும். பால் பொங்குவதோடு குழம்பாதா என்று ஐயா கேட்பார் என்று தெரியும். பக்கத்தில் ‘தேய்’ நிற்கும்போது யாரும் அடுப்பில் ஏற்றமாட்டார்கள், ஐயா.

ஒரு எச்சரிக்கை. கேக்குக்கு நன்றாகப் பொங்கலாம். அச்சில் வெட்டும் குக்கீக்கு அத்தனை காற்று ஏறினால் அடுப்பில் உப்பி, பரவி, வடிவம் கெட்டுவிடும். அதற்கு ‘லேசாகப் பொங்க’ போதும். இந்த எச்சத்தில் அடைமொழி சேர்க்க முடிகிறது பாருங்கள், ‘காற்றேற்ற’த்தில் அது வராது.

தம்பி, குறிப்புக்கு இப்படிப் போடுங்கள்:

களிம்புப் பதத்தில் இருக்கும் உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமோடு சர்க்கரை 200 கிராம் சேர்த்து லேசாகப் பொங்கத் தேய்க்கவும் (மஞ்சள் வெண்ணெயானால் வெளுக்கும்). பரல் பெரிதாக இருந்தால் சர்க்கரையை மிக்சியில் ஒரே ஒரு சுற்று விடவும், மாவாக்க வேண்டாம். ஒரு முட்டை, பிறகு மைதா 400 கிராமும் சிட்டிகை சோடா உப்பும். பிசைந்ததை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தட்டையாகத் திரட்டி வெட்டவும். 175 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம். ஓரம் மட்டும் இறுகி நடு இன்னும் வேகாதது போல இருக்கும்போதே எடுத்துவிட்டால்தான் மெத்தென்று இருக்கும். மீதி தட்டின் சூட்டிலேயே வெந்துவிடும்.

அந்தக் கடைசி வரியில் இருப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தன்சூட்டில் வேகுதல்’ என்று எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. தட்டும் சூடு கொடுக்கிறதே, ‘தன்’ எங்கே வந்தது? யாராவது பாருங்கள்.

– முத்தியால்பேட்டையிலிருந்து